லைபீரியாவின் செனட் வேட்பாளரை எடைபோடுவது எப்படி? ஜார்ஜ் வேயாவை வைத்து ஒரு விளக்கம்

2014 டிசம்பர் 20 அன்று லைபீரியாவின் தலைநகர் மன்ரோவியாவில் ஓட்டுப் போட வந்தவர்கள் முதலில் கை கழுவினார்கள். அடுத்து, காய்ச்சல் இருக்கிறதா என்று வெப்பமானி வைத்துப் பார்த்தார்கள். வரிசையில் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நிற்கச் சொன்னார்கள். எபோலா இன்னும் அடங்கியிருக்கவில்லை. அக்டோபரில் நடக்கவேண்டிய செனட் (சட்டமன்ற மேலவை) தேர்தல் அந்த நோயால்தான் டிசம்பருக்குத் தள்ளிப்போயிருந்தது. வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் படமும் சின்னமும் அச்சாகியிருந்தன. மான்ட்செராடோ கவுண்டியின் (கவுண்டி என்றால் மாவட்டம் போன்ற பிரிவு) சீட்டில் இருந்த முகங்களில் ஒன்று உலகமே அறிந்தது: 1995-ல் பாலன் டோர் விருது வாங்கிய கால்பந்து வீரர் ஜார்ஜ் வேயா. அவரை எதிர்த்து நின்றவர்களில் ஒருவர் ராபர்ட் சர்லீஃப், அப்போதைய ஜனாதிபதி எலன் ஜான்சன் சர்லீஃபின் மகன். எண்ணி முடித்தபோது வேயாவுக்குச் சுமார் 78 சதவீதம், ஜனாதிபதியின் மகனுக்குச் சுமார் 11 சதவீதம்.

மூன்றே ஆண்டுகளில் வேயா நாட்டின் ஜனாதிபதி ஆகிவிட்டார். அதனால் அந்த செனட் தேர்தலைப் பலர் ஒரு படிக்கட்டாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் மேற்கு ஆப்பிரிக்க அரசியலைப் புதிதாகப் படிக்க வருபவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம். வேட்பாளர் எங்கிருந்து வந்தவர், அவருடைய கட்சி என்ன சொல்கிறது, அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவரால் உண்மையில் என்ன செய்ய முடியும் என்று மூன்று கேள்விகள் உண்டு. செய்திகள் முதல் கேள்வியிலேயே ஊறிக்கிடக்கும். கட்சிகள் இரண்டாவதைப் பற்றி ஓயாமல் பேசும். வாக்காளரின் வாழ்க்கையைத் தொடுவது மூன்றாவது கேள்வி. ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

நாற்காலியின் அளவு

லைபீரியாவில் 15 கவுண்டிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 2 செனட்டர்கள், ஆக மொத்தம் 30 பேர். மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 2008 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 35 லட்சம் பேர்; அவர்களில் 11 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தலைநகர் மன்ரோவியா அமைந்திருக்கும் மான்ட்செராடோவில் மட்டும் இருந்தார்கள். தென்கிழக்கு மூலையில் உள்ள கிராண்ட் க்ரூவில் 60,000 பேர்கூட இல்லை. இரண்டுக்கும் இரண்டிரண்டு செனட்டர்கள்தான். எனவே மான்ட்செராடோவில் ஜெயிக்கும் செனட்டருக்கு அவையில் கூடுதல் ஓட்டு எதுவும் கிடைக்காது. நாடு முழுக்க எதிரொலிக்கும் குரல் கிடைக்கும். ஜனாதிபதி பதவியைக் குறிவைப்பவருக்கு அந்தக் குரல் பெரிய சொத்து.

1986 முதல் நடைமுறையில் உள்ள அரசியலமைப்பின்படி செனட்டராக நிற்பவருக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். குடிமகனாக இருக்க வேண்டும், வரி செலுத்துபவராக இருக்க வேண்டும், தேர்தலுக்கு முன் குறைந்தது ஓராண்டாவது அங்கே குடியிருந்திருக்க வேண்டும். பதவிக்காலம் 9 ஆண்டுகள். உலகில் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பதவிகளில் இவ்வளவு நீண்ட காலம் கொண்டவை மிகக் குறைவு. ஜனாதிபதிக்கும் கீழவை உறுப்பினருக்கும் 6 ஆண்டுகள்தான். ஒரு செனட்டரைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதைத் திருத்த ஒரு கவுண்டி 9 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வேட்பாளரை நிதானமாக எடைபோட வேண்டும் என்று இங்கே வலியுறுத்துவது அதனால்தான்.

பதவிக்காலக் கணக்கில் புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. ஒரு கவுண்டியின் இரண்டு செனட்டர்களும் ஒரே நேரத்தில் தேர்தலைச் சந்திப்பதில்லை. உள்நாட்டுப் போருக்குப் பின் 2005-ல் நடந்த முதல் தேர்தலில் மட்டும் இருவரையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதிக ஓட்டு வாங்கியவருக்கு 9 ஆண்டுகள். இரண்டாவதாக வந்தவருக்கு அந்த ஒரு முறை மட்டும் 6 ஆண்டுகள். அதிலிருந்து இரண்டு தண்டவாளங்கள் பிரிந்தன. ஒன்று 2005, 2014, 2023 என்று போகிறது. மற்றொன்று 2011, 2020, அடுத்து 2029. ஒரு வேட்பாளர் பெயரைப் பார்த்ததும் அவர் எந்தத் தண்டவாளத்து இடத்துக்கு நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். வேயா 2014-ல் ஜெயித்தது முதல் தண்டவாளத்து இடம். 2018 ஜனவரியில் அவர் ஜனாதிபதியானதும் அது காலியாயிற்று. அதே ஆண்டு ஜூலை இறுதியில் நடந்த இடைத்தேர்தலில் அவருடைய கட்சியைச் சேர்ந்த சா ஜோசஃப் வென்றார்.

இடைத்தேர்தலில் வருபவருக்குப் புதிதாக 9 ஆண்டுகள் கிடைக்காது. முன்னவர் விட்டுப்போன மிச்சம்தான் கிடைக்கும். மான்ட்செராடோவின் இன்னொரு இடத்தில் 2011-ல் ஜெயித்த ஜெரால்டின் டோ-ஷெரிஃப் 2019-ல் காலமானார். அந்த ஜூலையில் நடந்த இடைத்தேர்தலில் எதிர்க்கட்சியின் ஆபிரகாம் டேரியஸ் டில்லன் வென்றார். உட்கார்ந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை, 2020 டிசம்பர் 8 அன்று அவர் மறுபடியும் ஓட்டுக் கேட்க வேண்டியிருந்தது. இந்தத் தண்டவாளக் கணக்கு தெரியாதவர்களுக்கு 'இவர் போன வருடம்தானே ஜெயித்தார்?' என்ற குழப்பம் வரும்.

ஜெயிக்க எவ்வளவு ஓட்டு வேண்டும்? 2011 வரை எல்லாப் பதவிகளுக்கும் பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்பதே அரசியலமைப்பின் விதி. 2011 ஆகஸ்ட்டில் நடந்த பொதுவாக்கெடுப்புக்குப் பின், செனட்டுக்கும் கீழவைக்கும் மற்றவர்களைவிட அதிக ஓட்டு வாங்கினால் போதும் என்றாயிற்று. ஜனாதிபதிக்கு மட்டும் பாதிக்கு மேல் என்ற விதி நிற்கிறது. இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். பத்துப் பேர் நிற்கும் கவுண்டியில் 25 சதவீதம் வாங்கியவர்கூட 9 ஆண்டுகளுக்கு செனட்டர் ஆகலாம். 78 சதவீதம் வாங்கிய வேயாவின் வெற்றி எவ்வளவு அரிதானது என்பது அப்போது புரியும். கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எபோலா பயத்தால் அன்று நாடு முழுக்கப் பதிவான வாக்காளர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர்தான் ஓட்டுப் போட்டார்கள். சதவீதத்தைப் படிக்கும்போது அது எத்தனை பேரின் சதவீதம் என்றும் கேட்டுப் பழக வேண்டும்.

செனட்டரால் ஆவதும் ஆகாததும்

பிரசார மேடையில் செனட் வேட்பாளர்கள் சாலை போடுவதாகச் சொல்வார்கள், மின்சாரம் கொண்டுவருவதாகச் சொல்வார்கள், வேலை தருவதாகச் சொல்வார்கள். மூன்றும் ஜனாதிபதியின் அமைச்சகங்கள் செய்யும் வேலைகள். செனட்டரின் கையில் இருப்பவை வேறு.

அமைச்சர்கள், துணை அமைச்சர்கள், தூதர்கள், உச்ச நீதிமன்ற நீதிபதிகள், கவுண்டியை நிர்வகிக்கும் கண்காணிப்பாளர் என்று ஜனாதிபதி நியமிக்கும் பெரும்பாலானவர்களுக்கு செனட்டின் ஒப்புதல் வேண்டும். இது செனட் மட்டுமே செய்யும் வேலை. கீழவைக்கு இதில் பங்கில்லை. உயர் பதவியில் இருப்பவரைக் கீழவை குற்றம் சாட்டினால், விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது செனட். மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால் பதவி போய்விடும். ஏட்டில் தூங்கும் விதி அல்ல இது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்ற நீதிபதி கபினே ஜானே இந்த வழியில்தான் நீக்கப்பட்டார்.

பட்ஜெட் கீழவையில் தொடங்க வேண்டும். ஆனால் செனட்டின் சம்மதம் இல்லாமல் நிறைவேறாது. செனட்டுக்குத் தலைமை தாங்குபவர் துணை ஜனாதிபதி, அவருக்கு ஓட்டு சமமாகப் பிரிந்தால் மட்டுமே ஓட்டு. அன்றாட அலுவலை நடத்துபவர் செனட்டர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் இடைக்காலத் தலைவர். அங்கே அவரை 'ப்ரோ டெம்' என்று சுருக்கமாக அழைப்பார்கள். ப்ரோ டெம் யார் என்பதில் கட்சிகள் அடித்துக்கொள்வதன் காரணம், எந்த மசோதா எப்போது விவாதத்துக்கு வரும் என்பது பெரும்பாலும் அவர் கையில் இருப்பதுதான்.

இன்னொரு கதவும் உண்டு, அதைப் பற்றி மேடைகளில் அதிகம் பேசமாட்டார்கள். இரும்புத் தாது தோண்டும் ஆர்செலர்மிட்டல் நிறுவனம் தன் ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 30 லட்சம் அமெரிக்க டாலரைச் சமூக வளர்ச்சி நிதியாகக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தது. அதில் சுரங்கம் இருக்கும் நிம்பாவுக்கு 15 லட்சம், துறைமுகம் இருக்கும் கிராண்ட் பாசாவுக்கு 10 லட்சம், ரயில் பாதை கடக்கும் பாங் கவுண்டிக்கு 5 லட்சம். இதுபோன்ற பணமும், அரசு தரும் கவுண்டி வளர்ச்சி நிதியும் எந்தப் பள்ளிக்கூடத்துக்கு, எந்த மருத்துவமனைக்குப் போகும் என்பதில் அந்தக் கவுண்டியின் செனட்டர்களும் கீழவை உறுப்பினர்களும் சேர்ந்த குழுவுக்குப் பெரிய செல்வாக்கு இருந்துவந்திருக்கிறது. அந்தக் குழுவை 'காக்கஸ்' என்பார்கள். பாதியில் நின்றுபோன கட்டடங்கள் பற்றிய புகார்கள் பெரும்பாலும் இந்தக் கதவின் வழியாகத்தான் வருகின்றன. நிம்பாவில் நிற்கும் வேட்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அந்த நிதியின் கணக்கை எங்கே ஒட்டப்போகிறீர்கள் என்பதே. அதற்கு நேரான பதில் தருபவர் உங்கள் கவனத்துக்கு உரியவர்.

பின்னணி: கிளாரா டவுனிலிருந்து மிலான் வரை

லைபீரியாவில் ஒருவர் எங்கே பிறந்தார் என்று சொன்னாலே பாதி அரசியல் சொல்லியாயிற்று. அமெரிக்காவிலிருந்து விடுதலை பெற்ற கறுப்பினத்தவர்கள் 1822 முதல் அந்தக் கரையில் குடியேறினார்கள். 1847-ல் குடியரசு அறிவித்தார்கள். எண்ணிக்கையில் மிகச் சிறிய அந்தக் குடியேறிகளின் வழித்தோன்றல்கள், 16 பூர்வகுடி இனங்கள் வாழும் நாட்டை, 1980 ஏப்ரல் 12 அன்று சாமுவேல் டோ ராணுவப் புரட்சி செய்யும் வரை ஆண்டார்கள். இன்றும் பேச்சுவழக்கில் முன்னவர்கள் 'காங்கோ' மக்கள், பின்னவர்கள் 'கன்ட்ரி' மக்கள். டோவுக்குப் பின் 1989 முதல் 1997 வரையும், 1999 முதல் 2003 வரையும் இரண்டு உள்நாட்டுப் போர்கள். சுமார் இரண்டரை லட்சம் பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். ஆகவே ஒரு வேட்பாளரைப் பற்றி வாக்காளர் மனதில் எழும் கேள்விகள் இவை: காங்கோவா கன்ட்ரியா? எந்தக் கவுண்டி? போரின்போது எங்கே இருந்தார், என்ன செய்தார்?

வேயா 1966 அக்டோபர் 1 அன்று மன்ரோவியாவில் பிறந்தார். கிளாரா டவுன் என்ற சேரிப்பகுதியில் பாட்டியிடம் வளர்ந்தார். தென்கிழக்குக் கடற்கரைக்குரிய க்ரூ இனத்தவர். உள்ளூரில் மைட்டி பரோல், இன்வின்சிபிள் இலெவன் அணிகளில் ஆடி, கேமரூன் போய், அங்கிருந்து 1988-ல் மொனாக்கோ அணிக்குச் சென்றார். பாரிஸ் சென்-ஜெர்மேன், பிறகு ஏசி மிலான். பாலன் டோர் வாங்கிய ஒரே ஆப்பிரிக்கர் இன்றுவரை அவர்தான்.

இதெல்லாம் விளையாட்டுப் பக்கத்துச் செய்தி. தேர்தலுக்குப் பயன்பட்டது வேறு பகுதி. போர்க்காலத்தில் தேசிய அணிக்குப் பயணச் செலவும் சீருடையும் தன் பணத்தில் கொடுத்தார். ஐ.நா. படைகள் வந்து அமைதி காக்க வேண்டும் என்று பேசியதற்காக 1996-ல் மன்ரோவியாவில் அவருடைய வீடு கொளுத்தப்பட்டது. போர்க்குழு எதிலும் அவர் இல்லை. இளைஞர்களைத் துப்பாக்கிதான் தலைவர்களாக்கும் என்று நாடு பார்த்துப் பழகிய காலத்தில், துப்பாக்கி தொடாமல் பெரிய ஆளான ஏழைப் பையன் என்ற ஒரு வரிதான் அவருடைய பின்னணியின் சாரம். கிளாரா டவுன், வெஸ்ட் பாயின்ட் போன்ற நெருக்கடியான பகுதிகளின் இளைஞர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

போதாது என்று சொன்னவர்கள் அவருடைய படிப்பைக் கிளறினார்கள். 2005 ஜனாதிபதித் தேர்தலில் அவருக்கு எதிரே நின்றவர் ஹார்வர்டில் படித்து, உலக வங்கியிலும் ஐ.நா.விலும் பணியாற்றிய எலன் ஜான்சன் சர்லீஃப். வேயாவோ பள்ளிப்படிப்பை முடிக்காதவர். அவர் காட்டிய பட்டமும் அங்கீகாரம் இல்லாத நிறுவனத்தினுடையது என்று செய்திகள் வந்தன. அவருடைய ஆதரவாளர்கள் தெருவில் பதில் கோஷம் போட்டார்கள். லைபீரிய ஆங்கிலத்தில் 'புக் தெரிவது' என்றால் படித்திருப்பது. அந்தக் கோஷத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'புக் தெரிஞ்சாலும் சரி, தெரியாட்டியும் சரி, உனக்குத்தான் ஓட்டு.' படித்தவர்கள்தான் நாட்டை எரித்தார்கள் என்ற கோபம் அதற்குள் இருக்கிறது. முதல் சுற்றில் வேயாவுக்கு 28 சதவீதம், சர்லீஃபுக்கு 20. இரண்டாம் சுற்றில் சர்லீஃப் 59, வேயா 41. படிப்பு பற்றிய கேள்வி அந்த இரண்டாம் சுற்றில் வேலை செய்தது என்றே கருத வேண்டும்.

அதை வேயா ஒதுக்கித் தள்ளவில்லை. பள்ளிச் சான்றிதழ் வாங்கினார். அமெரிக்காவின் டெவ்ரை பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்துப் பட்டம் பெற்றார். 2011-ல் வின்ஸ்டன் டப்மனுக்குத் துணையாக, துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்றார். அந்த இரண்டாம் சுற்றைக் கட்சி புறக்கணித்தது. 2012 இறுதியில் சர்லீஃபே அவரைச் சமாதானத் தூதராக நியமித்தார். 2014-ல் செனட்டுக்கு நின்றபோது 'படிக்காதவர்' என்ற அம்பு மழுங்கியிருந்தது. இரண்டு தேர்தல்களுக்கு நடுவே ஒரு வேட்பாளரின் பின்னணி எப்படி மாறுகிறது என்று பார்ப்பது, அவர் வாக்காளரின் குறையைக் காதில் வாங்கினாரா என்பதைக் காட்டும் நல்ல அளவுகோல். வேயா வாங்கினார்.

குடியுரிமை இன்னொரு கேள்வி. பிரான்சில் ஆடியபோது அந்நாட்டுக் குடியுரிமை பெற்றார், எனவே தகுதியில்லை என்ற ஆட்சேபத்தை 2005-ல் தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்சிக் கொள்கையில் இது திரும்ப வரும்.

கட்சி சொன்னது

வேயாவின் கட்சி சிடிசி, விரித்தால் ஜனநாயக மாற்றத்துக்கான காங்கிரஸ். 2005 தேர்தலை ஒட்டி அவரைச் சுற்றியே உருவான கட்சி. 2016-ல் ஜூவல் ஹாவர்ட் டெய்லரின் நேஷனல் பேட்ரியாட்டிக் கட்சியும், அலெக்ஸ் டைலரின் கட்சியும் சேர்ந்தபோது, சிடிசி என்ற எழுத்துகளை மாற்றாமல், காங்கிரஸ் என்பதைக் கூட்டணி என்று மாற்றிக்கொண்டார்கள். 2016-க்கு முன்னும் பின்னும் 'சிடிசி' என்று எழுதப்பட்டிருப்பது ஒரே அமைப்பு அல்ல. பழைய செய்திகளைப் படிப்பவர்கள் இதில் அடிக்கடி குழம்புவார்கள். ஜூவல் ஹாவர்ட் டெய்லர் முன்னாள் ஜனாதிபதி சார்லஸ் டெய்லரின் முன்னாள் மனைவி. அப்போது பாங் கவுண்டியின் செனட்டர். வேயாவின் துணை ஜனாதிபதி ஆனார். அந்தச் சேர்க்கை எதற்கு என்றால், பாங் கவுண்டியின் ஓட்டு.

சித்தாந்தம் என்று தேடினால் லைபீரியக் கட்சிகளில் அதிகம் அகப்படாது. இடது, வலது என்று பிரித்துப் பார்க்க வந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பெரும்பாலான கட்சிகள் ஒரு தலைவரையோ ஒரு கவுண்டித் தளத்தையோ சுற்றி நிற்பவை. லிபர்ட்டி கட்சிக்கு கிராண்ட் பாசா, மறைந்த சார்லஸ் ப்ரம்ஸ்கின். யூனிட்டி கட்சிக்கு சர்லீஃப், பிறகு லோஃபாவின் ஜோசஃப் போகாய். கொள்கையைத் தனித்தனிப் பிரச்சினைகளில்தான் தேட வேண்டும். சிடிசியின் வார்த்தை 'ஏழைகளுக்கானது'. ஆட்சிக்கு வந்த பின் 2018 முதல் 2023 வரைக்குமான திட்ட அறிக்கைக்கே அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். நான்கு தூண்கள்: மக்களுக்கு அதிகாரம், பொருளாதாரமும் வேலையும், அமைதியை நிலைநிறுத்தல், நிர்வாகமும் வெளிப்படைத்தன்மையும். 2023 தேர்தலில் வேயாவைத் தோற்கடித்து ஜனாதிபதியான போகாயின் அரசு வேளாண்மை, சாலை, சட்டத்தின் ஆட்சி, கல்வி, துப்புரவு, சுற்றுலா என்ற ஆறின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'அரெஸ்ட்' என்று பெயர் வைத்திருக்கிறது. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தலைப்புகள் பெரிதாக முரண்படாது. வேறுபாடு, எதற்கு முதலில் பணம் ஒதுக்கினார்கள் என்பதில் இருக்கிறது.

ஒவ்வொரு நிலைப்பாட்டையும் மூன்று கூடைகளில் ஒன்றில் போட்டுப் பாருங்கள்: ஜனாதிபதி தனியாக அறிவிக்கக்கூடியது, இரு அவைகளும் சட்டமாக்க வேண்டியது, மக்களின் பொதுவாக்கெடுப்பு வரை போக வேண்டியது. எது ஏன் நின்றது, எது ஏன் விழுந்தது என்று தெரிந்துவிடும்.

முதல் கூடைக்கு எடுத்துக்காட்டு இலவசக் கல்வி. 2018 அக்டோபரில் லைபீரியப் பல்கலைக்கழகத்திலும் மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களிலும் இளநிலை மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை என்று வேயா அறிவித்தார். மாணவர்கள் கொண்டாடினார்கள், அது நியாயம்தான். ஆனால் கட்டணமாக வந்த பணத்தை ஈடுகட்ட வேண்டியது பட்ஜெட். பட்ஜெட் இரு அவைகளிலும் நிறைவேற வேண்டும், அதன் பிறகு பணம் நேரத்துக்குக் கைக்கு வரவும் வேண்டும். சேர்க்கை பெருகியது, வகுப்பறைகள் நெரிந்தன, பல்கலைக்கழகங்கள் பணத்துக்குக் காத்திருந்தன. அறிவிப்பது ஒருவர், பணம் ஒதுக்குவது இன்னொருவர் என்றால் நடுவில் இப்படித்தான் தடுமாறும். செனட் வேட்பாளர் 'இலவசக் கல்வியை ஆதரிக்கிறேன்' என்றால், பட்ஜெட்டில் எந்தத் தலைப்பிலிருந்து பணம் எடுப்பீர்கள் என்று கேட்டால்தான் அது கொள்கை ஆகும்.

இரண்டாவது கூடையில் நிலச் சட்டம். 2018 செப்டம்பரில் கையெழுத்தான நில உரிமைச் சட்டம், ஊர்ச் சமூகங்கள் வழிவழியாக வைத்திருந்த நிலத்துக்குச் சட்ட உரிமை கொடுத்தது. பல ஆண்டுகள் சட்டமன்றத்தில் கிடந்த மசோதா அது. அதே கூடையில் இரட்டைக் குடியுரிமையும் வந்து சேர்ந்த விதம் சுவையானது. முதலில் அதை மூன்றாவது கூடையில் போட்டார்கள்: 2020 டிசம்பர் 8 அன்று, செனட் தேர்தலோடு சேர்த்து நடந்த பொதுவாக்கெடுப்பில் மக்களிடம் கேட்டார்கள். ஜனாதிபதிக்கும் கீழவைக்கும் 6 ஆண்டுகளை 5 ஆக்குவது, செனட்டருக்கு 9-ஐ 7 ஆக்குவது என்ற கேள்விகளும் அதில் இருந்தன. தேவையான மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் எல்லாம் விழுந்தன. அன்றே நடந்த செனட் தேர்தலில் மான்ட்செராடோவில் ஆளுங்கட்சியின் தாமஸ் ஃபல்லாவை டில்லன் தோற்கடித்தார். அரசின் மீதான அதிருப்தி இரண்டு பெட்டியிலும் விழுந்தது என்றே அதைப் படிக்க வேண்டும். 9 ஆண்டுகள் அதிகம் என்று நினைத்தவர்கள்கூட அன்று 'வேண்டாம்' என்று போட்டிருக்கலாம். 2022-ல் இரட்டைக் குடியுரிமைக்கு மட்டும் சாதாரணச் சட்டத்திருத்தம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். ஒரு கூடையில் விழுந்தது இன்னொரு கூடையில் எழுந்தது.

மூன்றாவது கூடையின் அடியில் இன்னும் கிடப்பது 27-ஆவது பிரிவு. கறுப்பினத்தவர் மட்டுமே லைபீரியக் குடிமகன் ஆகலாம் என்று அது சொல்கிறது. குடிமகன் மட்டுமே நிலம் வாங்கலாம் என்று 22-ஆவது பிரிவு. 2018-ல் தன் முதல் உரைகளிலேயே வேயா 27-ஆவது பிரிவை இனவாதம் என்று கண்டித்தார். எதிர்த்தவர்கள், வெளியிலிருந்து வரும் பணக்காரர்கள் நிலத்தையெல்லாம் வாங்கிவிடுவார்கள் என்று பயந்தார்கள். நிறவெறியிலிருந்து தப்பி வந்தவர்கள் கட்டிய நாட்டில் அந்த வரி ஏன் எழுதப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். ஒரு வேட்பாளர் இதில் எந்தப் பக்கம் என்பது உண்மையான கொள்கைக் கேள்வி.

அவையில் இருந்த நாட்கள்

வேயா 2015 ஜனவரி முதல் மூன்று ஆண்டுகள் செனட்டர். அவைக்கு அதிகம் வரவில்லை, சொல்லும்படியான சட்டம் எதையும் முன்மொழியவில்லை என்பது அவர்மீது பரவலாக வைக்கப்பட்ட விமர்சனம். அதை ஒதுக்கிவிட முடியாது. 78 சதவீதம் ஓட்டுப் போட்ட மக்களுக்கு அவையில் ஒரு முழு உறுப்பினர் கிடைக்க வேண்டும். இருந்தும் 2017 அக்டோபரில் முதல் சுற்றில் 38 சதவீதம், டிசம்பர் 26 அன்று இரண்டாம் சுற்றில் 61 சதவீதத்துக்கு மேல் வாங்கி அவர் ஜனாதிபதி ஆனார். செனட்டில் என்ன செய்தார் என்பதைப் பார்த்து அந்த ஓட்டு விழவில்லை.

டில்லன் இதற்கு நேரெதிரான வழியில் பெயர் வாங்கினார். சட்டமன்ற உறுப்பினர்களின் சம்பளமும் சலுகைகளும் எவ்வளவு என்பது அங்கே மூடுமந்திரமாக இருந்தது. அவர் தன்னுடையதை வெளியிட்டார், ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதாக அறிவித்தார். செனட்டர் ஒருவர் யாருடைய அனுமதியும் இல்லாமல், முதல் மாதத்திலேயே நிறைவேற்றக்கூடிய வாக்குறுதி அது. ஒரு வாக்குறுதி நிறைவேறுமா என்று பார்க்க, அதற்கு இன்னும் எத்தனை பேரின் சம்மதம் வேண்டும் என்று எண்ணினால் போதும்.

முடிவு வந்த பிறகு

தேர்தல் ஆணையம் ஓட்டுப்பதிவிலிருந்து 15 நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். தோற்றவர் புகார் கொடுக்க அறிவிப்பிலிருந்து 7 நாட்கள். ஆணையம் 30 நாட்களுக்குள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் 7 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றம் போகலாம். நீதிமன்றம் 7 நாட்களில் முடிக்க வேண்டும். தன் தேர்தலைப் பற்றிய புகாரை முதலில் ஆணையமே விசாரிக்கிறது என்பதுதான் இதில் பலரும் குறை சொல்லும் இடம். 2017-ல் லிபர்ட்டி கட்சியின் புகாரால் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றே நவம்பர் 7-லிருந்து டிசம்பர் 26-க்குத் தள்ளிப்போயிற்று. 2014-லும் எபோலா காலத்தில் தேர்தல் நடத்தலாமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரசாரத்தை நிறுத்திவைத்து, ஓட்டுப்பதிவுக்குச் சில நாட்களுக்கு முன்தான் பச்சைக்கொடி காட்டியது. எனவே முதல் நாள் இரவு வரும் எண்களை இறுதி என்று எழுதிவிடக் கூடாது.

பின்னணியும் கொள்கையும் ஒரே ஆளுக்குள் மோதும் இடத்துக்கு நிம்பாவைப் பார்க்க வேண்டும். பிரின்ஸ் ஜான்சன் 1990-ல் ஜனாதிபதி டோவைப் பிடித்துக் கொன்ற போர்க்குழுவின் தலைவர். 2009-ல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் விசாரணைக்கு உட்படுத்த வேண்டியவர்கள் என்று பரிந்துரைத்த பட்டியலில் அவர் பெயர் இருந்தது. இருந்தும் 2005 தேர்தல் முதல் சாகும்வரை அவர் நிம்பாவின் செனட்டர்களில் ஒருவர். போரில் தங்களைக் காப்பாற்றியவர் என்று அங்கே பலர் அவரை நினைத்தார்கள். 2017-ல் அவர் ஆதரவு வேயாவுக்கு, 2023-ல் போகாய்க்கு. அந்த இரண்டாவது முறை போகாய் 50.64 சதவீதத்துடன் மயிரிழையில் ஜெயித்தார். 2024 ஏப்ரலில் போர்க்குற்ற நீதிமன்றம் அமைக்கும் தீர்மானம் செனட்டுக்கு வந்தது. பல ஆண்டுகளாக அதை எதிர்த்துப் பேசிவந்த ஜான்சனும் அதில் கையெழுத்துப் போட்டார். மே 2 அன்று போகாய் அதற்கான அலுவலகத்தை அமைக்கும் ஆணையில் கையெழுத்திட்டார். நவம்பரில், எந்த நீதிமன்றத்திலும் ஏறாமலே, ஜான்சன் காலமானார். 2025 ஏப்ரலில் நிம்பா மக்கள் அவர் விட்டுப்போன இடத்துக்கு ஓட்டுப் போட மறுபடியும் வரிசையில் நின்றார்கள்.